பேரு போட்டாச்சா?

இன்று காலை இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஜான்சியிடமிருந்து போன் வந்தது. நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவள்தான் இப்போது பொறுப்பு நர்ஸ். கொடைக்கானலில் ஏரியை விட்டு மேலே ஏறுகிற ரோட்டில் ஒரு அறக்கட்டளை நடத்துகிற இல்லம் அது. படுக்கையில் கிடப்பவர்களுக்கும் எழுந்து நடக்கத் துணை வேண்டியவர்களுக்கும் அங்கே தனியாக ஒரு நர்சிங் பிரிவு உண்டு. என் காலமெல்லாம் அந்தப் பிரிவில்தான் போனது. ஓய்வு பெற்று வத்தலக்குண்டுக்கு இறங்கி வந்துவிட்டேன். ஆனாலும் மலையிலிருந்து போன் வந்தால் எனக்கு இன்னும் படபடவென்றுதான் வருகிறது.

"சிஸ்டர், செல்லாயி பாட்டி டல்லா இருக்காங்க" என்றாள் ஜான்சி.

"டல்லுன்னா?"

நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"பேசல சிஸ்டர். காலைல நம்மளப் பாத்ததும் ஒண்ணு கேப்பாங்கல்ல, அது கேக்கல. ரெண்டு மூணு நாளாவே கேக்கல. சாப்பாட்டத் தள்ளி வச்சிட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்காங்க. யூரின் வேற நாத்தம் அடிக்குது. அவங்க மக புஷ்பம் அக்கா வந்து ஒரே சத்தம். நம்ம டாக்டர் லீவு. அவருக்குப் பதிலாப் பாக்கற டாக்டர் போன்லயே சொல்லிட்டாரு, அந்த ஊசிய ஆரம்பிச்சிருங்கன்னு."

அந்த ஊசி என்றால் எது என்று எனக்குத் தெரியும். செல்லாயி அம்மாளின் உடம்பில் குடியிருக்கிற கிருமிக்கு இப்போது கேட்கிற மருந்து அது ஒன்றுதான். மற்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளையெல்லாம் அந்தக் கிருமி தின்று பழகிவிட்டது. வேண்டாத நாளில் ஊசியைப் போட்டு அதையும் பழக்கிவிட்டால், வேண்டிய நாளில் கையை விரிக்க வேண்டியதுதான். சரி, போடாதே என்று சொல்லிவிடலாமா? இன்றைக்குத்தான் அந்த வேண்டிய நாள் என்றால் என்ன செய்வது? செல்லாயி அம்மாள் வாயை மூடிக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு மழைக்காலத்தில் நான் கண்ணால் பார்த்தவள்.

"காய்ச்சல் இருக்கான்னு பாரு. மூச்சு எண்ணு. நாடி, பிரஷர் பாரு. அடிவயித்தத் தொட்டுப் பாரு, வெலாவத் தட்டிப் பாரு, முகம் சுளிக்கிறாங்களான்னு கவனி. மூத்திரம் போறப்ப எரியுதான்னு அவங்ககிட்டயே கேளு. நேத்துலருந்து எவ்வளவு தண்ணி உள்ள போச்சு, வயிறு போச்சா, புதுசா எதாவது மாத்திர சேத்தீங்களா, கீழ கீழ விழுந்தாங்களா, எல்லாத்தையும் பாத்து அந்த டாக்டருக்குச் சொல்லு. அப்புறம் எனக்குச் சொல்லு."

போனை வைத்துவிட்டாள். ஓய்வு பெற்றவளுக்கு உத்தரவு போடுகிற உரிமை கிடையாது. கேள்வி கேட்கலாம், பிறகு காத்திருக்கலாம். காத்திருப்பது எனக்கு ஜென்மத்தில் வராது. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் வீட்டுக்காரர் கொடைக்கானல் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "டிக்கெட் எடுத்துட்டு நட. எறங்கற எடம் எங்க?" என்றார். இட்லிச் சட்டி அடிப்பிடித்தது. இல்லத்து ஆண்டு மலருக்கு அனுபவத்தை எழுதித் தாங்க என்று ஜான்சி கேட்டு மாதக்கணக்கில் ஆகிறது. கைக்கு ஏதாவது வேலை கொடுக்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியதால் இதை எழுத உட்கார்ந்தேன். போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

கன்னிவாடியில் பிறந்தேன், மதுரையில் நர்சிங் படித்தேன், அங்கேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஓட்டமும் நடையுமாகச் சில வருஷம் கழித்தேன், கல்யாணம் முடிந்து மலை ஏறினேன். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: ஆள் சரியில்லையா, உடனே ஏதாவது செய். என் சுபாவத்துக்கும் அது பொருந்திப் போனது. முதியோர் இல்லத்தில் சேர்ந்த பிறகும் அதே வேகத்தில்தான் ஓடினேன்.

அங்கே அப்போது வழக்கம் எப்படி என்றால், யாராவது கொஞ்சம் சோர்ந்து படுத்தால் நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டு "டல்லா இருக்காங்க" என்பாள். டாக்டர் "யூரின் அனுப்புங்க" என்பார். யூரினில் கிருமி இருக்கிறதென்று ரிப்போர்ட் வரும். ஆன்டிபயாடிக் ஆரம்பிப்போம். சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் போனில் பதறுவார்கள். "ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சாச்சுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்கும். எங்களுக்கும் ஏதோ செய்துவிட்டோம் என்று மனசு ஆறும். பெரியவர்களும் பெரும்பாலும் தெளிந்து எழுந்துவிடுவார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொடைக்கானல் குளிரில் வயசானவர்கள் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் எழுந்து பாத்ரூம் போக வேண்டும், போர்வையை விட்டு வெளியே கால் வைக்க யாருக்கு மனசு வரும்? தண்ணீர் இல்லாவிட்டால் மூத்திரம் கெட்டியாகி நாறும், ஆளும் சோர்ந்துவிடும், பேச்சும் தடுமாறும். மாத்திரை கொடுக்கும்போது மட்டும் "நெறையத் தண்ணி குடிக்கணும் பாட்டி" என்று நாங்கள் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்போம். குணமாக்கியது மாத்திரையா, சொம்புத் தண்ணீரா என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர் டாக்டர் சுகந்தி. இல்லத்துக்குப் பொறுப்பு டாக்டராக வந்தபோது அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான உருவம், சாம்பல் நிற ஸ்வெட்டர், சத்தமே வராத செருப்பு. அவருடைய நிதானம் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வார்டுக்குள் நுழைந்ததும் சுடுதண்ணிப் பையை எடுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். கை சூடாகாமல் யாரையும் தொடமாட்டார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, படுத்திருப்பவரின் முகத்துக்கு நேராக உட்காருவார். நாங்கள் பின்னால் நின்று கால் மாற்றிக்கொண்டிருப்போம். அவர் பாட்டுக்கு, நேற்று என்ன குழம்பு, ஜன்னலில் குரங்கு வந்ததா என்று பேசிக்கொண்டிருப்பார்.

எந்த மருந்துச் சீட்டை நீட்டினாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எதுக்கு?"

"யூரின்ல கிருமி வந்திருக்கு டாக்டர்."

"வந்திருக்கட்டும். இந்த வயசுல நெறையப் பேருக்கு அது பாட்டுக்கு உள்ள குடியிருக்கும். சண்ட போடல, சச்சரவு இல்ல. சும்மா குடியிருக்கறவன எதுக்கு வம்புக்கு இழுக்கறீங்க?"

"ஆளு டல்லா இருக்காங்களே டாக்டர்."

"டல்லுங்கறது பல்புக்குச் சொல்ற வார்த்தை சிஸ்டர். மனுசருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

அன்றோடு எங்கள் வார்டில் அந்த வார்த்தைக்குத் தடை. "டல்", "ஒரு மாதிரி", "சரியில்ல" எதையும் சொல்லக் கூடாது. கண்ணால் என்ன பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். பெரியவர் என்ன பேசினாரோ, அதை அவருடைய வார்த்தையிலேயே சொல்ல வேண்டும், எங்கள் வார்த்தையில் மாற்றக் கூடாது. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, எரிச்சல் இல்லை, வலி இல்லை என்றால் முதலில் தண்ணீர், பிறகு மலச்சிக்கல், பிறகு புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டியூட்டியிலும் மறுபடி பார்க்க வேண்டும். மாற்றம் தெரிந்தால் எந்த நேரமானாலும் அவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது.

யூரின் பிடிப்பதிலும் அவர் எங்களைப் பாடாய்ப் படுத்தினார். பெட்பேனில் கிடப்பதை ஊற்றி அனுப்பக் கூடாது. வெந்நீரில் சுத்தம் செய்து, துடைத்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் புதுப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். ஐஸ் பையோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து மதுரை லேபுக்கு அனுப்ப வேண்டும். "இந்தக் குளுருக்கு ஐஸ் எதுக்கு டாக்டர், ஜன்னல்ல வச்சாப் போதாதா?" என்று நாங்கள் சிரித்தால் அவர் சிரிக்கமாட்டார். "பஸ்ஸு வத்தலக்குண்டுக்கு எறங்குனா குளுரு கூட வருமா?" என்பார். பெட்டியைக் கொண்டுபோவது பல நாள் என் வீட்டுக்காரரின் பஸ்தான். அவர் அதற்கு மூத்திரப் பார்சல் என்று பெயர் வைத்து, இன்று வரை சொல்லிச் சிரிக்கிறார்.

எனக்கு அந்த நாட்கள் நரகமாக இருந்தன. மாத்திரை கொடுத்துவிட்டால் மனசு அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். கொடுக்காமல் பார்த்துக்கொண்டே இரு என்றால், கட்டிலைச் சுற்றியே கால் நடந்துகொண்டிருக்கும். உறவுக்காரர்களின் போன் வேறு. "ஒண்ணுமே குடுக்கலையா? அப்ப எதுக்கு நர்சிங் ஹோம்?" என்று கத்துவார்கள். டாக்டரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். "ஒண்ணும் பண்ணாம இருக்கோம்னு யாரு சொன்னா? பாத்துக்கிட்டு இருக்கோம். அதுக்குத்தான் சிஸ்டர் ஒங்களுக்கு ரெண்டு கண்ணு" என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் செல்லாயி அம்மாளின் விஷயம் வந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுத் திருப்பி அனுப்பிய கூட்டத்தோடு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறி வந்து, கடைசியில் இந்த மலையில் கூலி வேலையில் ஒதுங்கியவர். அந்தக் கைக்குழந்தைதான் புஷ்பம். எங்கள் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து நடமாட்டம் குறைந்தபோது நிர்வாகம் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்தது. வராண்டாவைப் பார்த்த ஜன்னலோரக் கட்டில்.

அந்த வராண்டாவில்தான் தினமும் காலையில் டியூட்டி மாற்றுவோம். இரவு டியூட்டி நர்ஸ் ஒவ்வொருவர் பேராக வாசித்து நிலைமையைச் சொல்வாள். பகல் டியூட்டிக்காரிகள் குல்லாயும் ஸ்வெட்டருமாக வரிசையாக நின்று கேட்போம். அப்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல் வரும்.

"ஏ புள்ள, பேரு போட்டாச்சா? பெரட்டுக்குப் பிந்திட்டியே. இன்னைக்கு அரப்பேருதான்."

எங்களுக்கு ஒன்றும் விளங்காது. "சரி பாட்டி, சரி" என்று கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவோம். குழப்பமாகப் பேசுகிறார் என்று டாக்டரிடம் சொல்லுவோம். இது சுகந்தி டாக்டர் வருவதற்கு முன்பிருந்தே நடந்தது. ஒவ்வொரு தடவையும் யூரின் போகும், கிருமி வரும், மாத்திரை வரும். ஒரு மாத்திரைக்குக் "குழப்பம்" தீராவிட்டால் அடுத்த ரகம். புஷ்பமே வந்து கேட்பாள்: "அம்மாவுக்குப் புத்தி தோட்டத்துலயே கெடக்கு சிஸ்டர். இன்னும் கொழுந்தெடுக்கப் போறதா நெனச்சுப் பேசுது. நல்ல மாத்திரையாக் குடுங்க, வெரசாத் தெளிஞ்சிரும்." பெற்ற மகளே சொன்ன பிறகு எங்களுக்கு வேறு என்ன யோசனை வரும்?

புது டாக்டரிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் வழக்கம்போல, "என்ன பேசுனாங்க? அவங்க வார்த்தையிலயே சொல்லுங்க" என்றார். ஜான்சி அப்போது புதிதாகச் சேர்ந்த பெண். அவள்தான் அப்படியே ஒப்பித்தாள்.

"எனக்கு வெளங்கல. ஒங்களுக்கு வெளங்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"யாராவது அவங்ககிட்டயே கேட்டீங்களா?"

யாரும் கேட்டதில்லை. சுடுதண்ணிப் பையில் கையைச் சூடு பண்ணிக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, பெரட்டுன்னா என்னங்கம்மா?"

செல்லாயி அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பெரட்டு தெரியாதா? ஊசி குத்த மட்டுந்தான் படிச்சீகளா?"

"ஆமாங்கம்மா. நீங்க சொல்லுங்க."

"விடியமுன்ன தப்படிப்பாங்க. கூடையத் தூக்கிக்கிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடணும். கணக்கப்புள்ள வரிசையா நிக்க வச்சுப் பேரு வாசிப்பாரு. இன்ன ஆளு இன்ன மலைக்குப் போன்னு கங்காணி பிரிச்சு விடுவாரு. ரொம்பப் பிந்துனா வெரட்டிருவாங்க. கொஞ்சம் பிந்துனாலும், கொழுந்து நெறுவ கொறஞ்சாலும் அரப்பேரு, பாதிக் கூலி."

"சரி. இங்க எதுக்கு அதக் கேக்கறீங்க?"

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? இந்தப் புள்ளைக வெள்ளனே குளுருல குல்லாயப் போட்டுக்கிட்டு வெளிய வரிசையா நிக்குதுக. ஒருத்தி பேரு வாசிக்கிறா. ஒனக்கு இந்தக் கட்டிலு, எனக்கு அந்தக் கட்டிலுன்னு பிரிச்சுக்கிறாளுக. அது பெரட்டு இல்லாம என்னா? இந்தா நிக்கிறாளே சின்னவ, இவ தெனம் பிந்தித்தான் வாறா. அதான் கேட்டேன், முழுப்பேரு போட்டாங்களா, அரப்பேரான்னு. இவளுக சரி பாட்டி, சரி பாட்டின்னு தட்டிக் குடுத்துட்டுப் போறாளுக. பைத்தியமாட்டம்!"

ஜான்சி முகம் சிவந்து நின்றாள். டாக்டர் என்னைக் காட்டி, "அப்ப இவங்க யாரு?" என்று கேட்டார்.

"இவதான் கங்காணி. ஒரு எடத்துல நிக்கமாட்டா."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில் ரிட்டயர்டு டீச்சரம்மா இருமி இருமிச் சிரித்தார். கதவோரம் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற புஷ்பம் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் தெரியும் சிஸ்டர். இருந்தும் இப்படி நெனச்சிட்டனே" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். தோட்டத்தில் இருக்கிறோம் என்று அந்த அம்மாள் ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எங்களைத்தான் கேலி செய்துகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் டாக்டர் வராண்டாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "நமக்குப் புரியாத பேச்சுக்கு அந்தம்மா மாத்திர தின்னணுமா சிஸ்டர்?" பிறகு தணிந்து, "இனிமே இப்படிப் பாருங்க. அவங்க கேட்டா நல்லாருக்காங்கன்னு அர்த்தம். கேக்காத அன்னைக்கு என்னையக் கூப்புடுங்க" என்றார்.

அப்படி ஒரு நாள் வந்தது. மழை விடாமல் பெய்து, காட் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோன வாரம் அது. காலையில் பேர் வாசித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பாதி வாசித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, ஜன்னலில் குரல் வரவில்லை. வரிசையை விட்டு உள்ளே ஓடினேன். செல்லாயி அம்மாள் மூன்று போர்வைக்குள் பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி கொதித்தது. விலாவைத் தொட்டதும் முனகினார்.

டாக்டர் நனைந்த கோட்டோடு வந்தார். அன்றைக்கு "எதுக்கு?" என்று கேட்கவில்லை, கையைச் சூடு பண்ணவும் இல்லை. ரத்தமும் யூரினும் எடுத்தவுடனே ஒரு நிமிடம் தாமதிக்காமல் கையிருப்பில் இருந்த ஊசியை ஆரம்பிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் கேட்டோம். பஸ் இல்லாததால் சாம்பிள் பெட்டியை ஒரு ஜீப்காரர் அடுக்கம் மாற்று ரோடு வழியாகப் பெரியகுளத்துக்கு இறக்கி, அங்கிருந்து மதுரை லேபுக்கு அனுப்பி வைத்தார்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் காய்ச்சல் இறங்கவில்லை. போட்ட ஊசி வேலை செய்யவில்லை. பிறகு லேபிலிருந்து போன் வந்தது. டாக்டர் ஒவ்வொரு மருந்தின் பேராகச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலைத் திரும்பச் சொன்னார். "கேக்காது." அடுத்தது. "கேக்காது." அதற்கடுத்தது. "அதுவும் கேக்காது." அவை எல்லாம், அந்த அம்மாள் நல்லபடியாக உட்கார்ந்து எங்களைக் கேலி செய்துகொண்டிருந்த நாட்களில் அவர் வாயில் நாங்கள் போட்ட மருந்துகள். பட்டியலின் அடியில் ஒன்று மிஞ்சியிருந்தது. அது அன்று மலையில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. மதுரையில் சொல்லி, பெரியகுளம் வரைக்கும் வரவழைத்து, அதே ஜீப்பில் அடுக்கம் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது.

நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்தேன். "உக்காருங்க சிஸ்டர், நீங்க நடந்தா ஜீப்பு வெரசா வந்துராது" என்றார் டாக்டர். அவரும் உட்காரவில்லை. "மருந்துங்கறது நம்ம கையிருப்பு இல்ல சிஸ்டர், அவங்களோடது. நாம எடுத்துச் செலவழிச்சிட்டோம்" என்று மூடுபனியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். புஷ்பம் தாயாரின் காலை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் நான் அவ்வளவு பயந்ததே இல்லை.

ஊசி வந்தது, கேட்டது. சில நாள் கழித்து அந்த அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "கங்காணி, கணக்கப்புள்ளகிட்டச் சொல்லிரு. இன்னைக்கு நான் சோலிக்கு வரல" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் சுகந்தி சில வருஷத்தில் வேறு ஊருக்கு மாறிப் போனார். அவர் போட்ட வழக்கத்தை நாங்கள் விடவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். செல்லாயி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பத்துச்சீட்டு குடுத்துட்டாங்களா ஒனக்கு?" என்று கேட்டார். தோட்டத்தை விட்டு ஆளை அனுப்பும்போது கையில் கொடுக்கிற சீட்டாம் அது. அவருக்கும் ஒன்று கொடுத்துத்தான் கப்பல் ஏற்றினார்களாம். "ஆமாம்மா, குடுத்துட்டாங்க" என்றேன். "கொண்டு போற எடத்துல ஒரு வேலையப் பாத்துக்க. ஒனக்குச் சும்மா இருக்க வராது" என்றார். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

இதுவரை எழுதியபோது போன் அடித்தது.

"சிஸ்டர், எல்லாம் பாத்துட்டேன்" என்றாள் ஜான்சி. "காய்ச்சல் இல்ல. மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் எப்பவும் போல இருக்கு. வெலாவத் தட்டுனா என் கையத் தட்டி விட்டாங்க, வலியெல்லாம் இல்ல. எரிச்சலும் இல்லையாம். ஆனா தண்ணியே குடிக்கல, சொம்பு அப்படியே இருக்கு. டாக்டர்கிட்டச் சொன்னேன். சரி, அப்ப ஊசி வேண்டாம், தண்ணி குடுத்துப் பாருங்க, சாயங்காலம் நானே நேர்ல வர்றேன்னு சொல்லிட்டாரு. ஆனா ஏன் சிஸ்டர் பேசமாட்டேங்கறாங்க?"

எனக்கும் அதுதான் உள்ளே அரித்தது. காய்ச்சல் இல்லாமலே பெரியவர்கள் கவிழ்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். எழுந்து நடக்க ஆரம்பித்தேன். நடந்தபடியே கேட்டேன், "காலைல பேரு வாசிக்கறப்ப அவங்க முழிச்சிருந்தாங்களா?"

"இப்ப வாசிக்கறதில்லையே சிஸ்டர். இந்த வாரத்துலருந்து எல்லாம் டேப் ஸ்கிரீன்லதான். ஆபீஸ் ரூம்ல உக்காந்து அவங்கவங்களே பாத்துக்கிட்டு நேரா வார்டுக்குப் போயிருவோம்."

"வராண்டாவுல நிக்கறதில்லையா?"

"குளுருல எதுக்கு நிக்கணும்னு மேனேஜ்மென்ட்ல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "அய்யய்யோ" என்றாள்.

பெரட்டே இல்லாத இடத்தில் யாரைப் பார்த்து என்ன கேட்பது? அந்த அம்மாளின் காலைப் பொழுதையே நாங்கள் ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எல்லாரையும் கூப்புடு. ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு வராண்டாவுல நில்லுங்க. பேர் பேரா வாசி. போனக் கட் பண்ணாத" என்றேன்.

செருப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். ஜான்சியின் குரல் ஒவ்வொரு பேராக வாசித்தது. நான் நடையை நிறுத்திவிட்டேன். ஜன்னல் பக்கம் சத்தமில்லை. இன்னொரு பேர், இன்னொரு பேர். என் வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ சின்னவ!" என்று தூரத்தில் ஒரு கரகரத்த குரல் கேட்டது. "இம்புட்டு நேரங்கழிச்சா பெரட்டு வைப்பாக? எல்லாருக்கும் அரப்பேருதான் இன்னைக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். புஷ்பத்தின் குரல், "அம்மா, மொதல்ல இந்தத் தண்ணியக் குடி" என்று அதட்டியது. ஜான்சி போனை அவர் வாயருகில் கொண்டுபோயிருக்க வேண்டும். மடக்கு மடக்காகத் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

"பாட்டி, லைன்ல யாருன்னு பாருங்க. கங்காணி சிஸ்டர்."

சொம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஏ கங்காணி, ஒனக்குத்தான் பத்துச்சீட்டு குடுத்தாச்சே. இன்னும் எதுக்குப் பெரட்டுக்கு வாற? போயி உக்காரு."

உட்கார்ந்தேன்.